தானியங்கி மென்பொருள் சோதனைத் துணைக்கருவிகளின் வரலாறு

தானியங்கி மென்பொருள் சோதனை என்பது, ஒரு மென்பொருள் சரியாக இயங்குகிறதா என்பதை மனிதர் ஒவ்வொரு முறையும் கையால் சரிபார்க்காமல், அதற்கென எழுதப்பட்ட நிரலைக் கொண்டு சரிபார்க்கும் முறையாகும். இத்தகைய நிரல் சோதனை நிரல் எனப்படுகிறது. அதை எழுதவும் இயக்கவும் உதவுவது சோதனைக் கருவி. கருவியில் இயல்பாக இல்லாத ஒரு வசதியைச் சேர்ப்பதற்காகப் பயனர்கள் எழுதி இணைக்கும் சிறு மென்பொருளைத் துணைக்கருவி என்று அழைக்கலாம். உலாவி நீட்சி, செருகுநிரல், நூலகம் என இது பல வடிவங்களில் கிடைக்கிறது.

சோதனைக் கருவிகளின் வரலாறு பெரும்பாலும் அவற்றை உருவாக்கிய நிறுவனங்களின் வரலாறாகவே சொல்லப்படுகிறது. ஆனால் அன்றாடப் பணியில் ஒரு கருவி பயன்படுமா என்பதைப் பல நேரங்களில் துணைக்கருவிகளே தீர்மானித்துள்ளன. ஆங்கிலம் அல்லாத மொழிகளைச் சோதிக்கும்போது இது மேலும் தெளிவாகத் தெரியும். நாமக்கல் மாவட்டத்திலுள்ள கொல்லிமலையின் பெயரை ஒரு வலைத்தளத்தில் தேடிச் சோதிப்பதற்குக்கூட ஒரு துணைக்கருவி தேவைப்படலாம். அது ஏன் என்பதை இக்கட்டுரையின் பிற்பகுதி விளக்குகிறது.

வணிகக் கருவிகளின் காலம்

1990களில் சோதனைக் கருவிகள் பெரும்பாலும் விலைகொடுத்து வாங்க வேண்டியவையாக இருந்தன. 1989இல் தொடங்கப்பட்ட மெர்க்குரி இன்டராக்டிவ் நிறுவனத்தின் வின்ரன்னர், பின்னர் வந்த குயிக்டெஸ்ட் புரொபஷனல் ஆகியவை இவற்றுள் பெயர் பெற்றவை. சோதனையாளர் திரையில் செய்யும் செயல்களைப் பதிவு செய்து, அவற்றை மீண்டும் ஓட்டிக் காட்டுவதே இவற்றின் அடிப்படை முறை. பதிவு செய்யப்பட்டது ஒரு நிரலாகக் கிடைக்கும். வின்ரன்னர் சி மொழியை ஒத்த தனி மொழியையும், குயிக்டெஸ்ட் விபிஸ்கிரிப்ட் மொழியையும் பயன்படுத்தின.

இக்காலத்தில் துணைக்கருவி என்பது பெரும்பாலும் நிறுவனமே விற்ற ஒன்று. ஜாவா, சாப், ஆரக்கிள் போன்ற சூழல்களில் எழுதப்பட்ட மென்பொருளைச் சோதிக்க 'ஆட்-இன்' எனப்பட்ட கூடுதல் தொகுதிகள் தேவைப்பட்டன. பயனர்களும் தம் பங்குக்குச் செயற்கூறு நூலகங்களை எழுதிக்கொண்டனர். ஆனால் அவை அந்தந்த நிறுவனத்துக்குள்ளேயே தங்கிவிட்டன. கருவியின் மூல நிரல் மூடியிருந்ததால், அதன் உள்ளே கைவைக்க வெளியாருக்கு வழி இல்லை. 2006இல் மெர்க்குரி நிறுவனத்தை எச்பி நிறுவனம் ஏறத்தாழ 450 கோடி டாலருக்கு வாங்கியது.

தமிழ்நாட்டிலும் இக்காலத்தில் ஒரு சோதனைக் கருவி உருவானது. 1996இல் தொடங்கப்பட்டு, 2009இல் ஜோஹோ எனப் பெயர் மாறிய அட்வென்ட்நெட் நிறுவனம், 2000களில் கியூஎன்ஜின் என்ற வலைச் சோதனைக் கருவியை வெளியிட்டது. பிற்காலத்தில் ஜோஹோ தன் புதிய சோதனைத் தளத்துக்கு அதே பெயரை மீண்டும் சூட்டியது.

செலீனியத்தின் தோற்றம்

2004இல் சிகாகோ நகரில், தாட்வொர்க்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய ஜேசன் ஹக்கின்ஸ், பணிநேரத்தையும் செலவையும் பதியும் ஓர் உள்பயன்பாட்டு வலைச் செயலியைச் சோதிக்க ஜாவாஸ்கிரிப்டில் ஒரு கருவி எழுதினார். அதுவே செலீனியம். மெர்க்குரி என்றால் பாதரசம். பாதரச நஞ்சுக்குச் செலீனியம் மாற்று என்று ஹக்கின்ஸ் வேடிக்கையாகக் குறிப்பிட்டதிலிருந்து இப்பெயர் நிலைத்ததாகச் சொல்லப்படுகிறது.

செலீனியத்தின் தொடக்கப் பதிப்பில் ஒரு சோதனை மூன்று நெடுவரிசைகள் கொண்ட அட்டவணையாக எழுதப்பட்டது. முதல் வரிசையில் கட்டளை, இரண்டாவதில் திரையிலுள்ள இலக்கு, மூன்றாவதில் மதிப்பு. நிரல் எழுதத் தெரியாதவரும் இதைப் படிக்க முடிந்தது. தேவையான கட்டளை இல்லையென்றால், பயனரே ஒரு ஜாவாஸ்கிரிப்ட் கோப்பில் எழுதிச் சேர்க்கலாம். குறிப்பிட்ட முன்னொட்டுடன் ஒரு செயற்கூறுக்குப் பெயரிட்டால் போதும். கருவி அதைப் புதிய கட்டளையாகவோ, புதிய சரிபார்ப்பாகவோ, திரையில் ஓர் உறுப்பைத் தேடும் புதிய வழியாகவோ ஏற்றுக்கொண்டது. இந்த எளிய ஏற்பாடே துணைக்கருவி எழுதுவதை எவரும் செய்யக்கூடிய பணியாக மாற்றியது.

பயர்பாக்ஸ் நீட்சியாகச் செலீனியம்

ஒரு தளத்திலிருந்து வந்த ஜாவாஸ்கிரிப்ட், வேறொரு தளத்தின் பக்கத்தைத் தொடக்கூடாது என்பது உலாவிகளின் பாதுகாப்பு விதி. செலீனியமும் ஜாவாஸ்கிரிப்டால் ஆனதால் இந்த விதியில் சிக்கிக்கொண்டது. இடையில் ஒரு பதிலாள் வழங்கியை வைத்து இதைக் கடப்பது ஒரு வழி. உலாவியின் நீட்சியாக மாறுவது மற்றொரு வழி. அன்றைய பயர்பாக்ஸ் நீட்சிகளுக்கு உலாவியின் உட்பகுதிகளை இயக்கும் உரிமை இருந்தது.

ஜப்பானைச் சேர்ந்த ஷின்யா கசாதானி இந்த இரண்டாவது வழியில் சென்று செலீனியம் ஐடிஇ என்ற நீட்சியை உருவாக்கி, 2006இல் செலீனியம் திட்டத்துக்கு வழங்கினார். நீட்சியை நிறுவி, சிவப்புப் பொத்தானை அழுத்தி, பக்கத்தில் வேலை செய்தால் சோதனை தானாகவே எழுதப்பட்டது. சோதனைத் துறைக்குள் நுழைந்த மாணவர் பலர் முதலில் தொட்ட கருவி இதுவே.

ஐடிஇயும் ஒரு துணைக்கருவிதான். பின்னர் அதற்கே துணைக்கருவிகள் தோன்றின. அட்டவணை வடிவச் சோதனையில் 'இப்படி இருந்தால் இதைச் செய்', 'இத்தனை முறை திரும்பச் செய்' என்ற கட்டளைகள் இல்லை. அந்தக் குறையைப் போக்க செல்பிளாக்ஸ் போன்ற செருகுநிரல்கள் வந்தன. அதே 2006இல் வெளியான ஃபயர்பக் நீட்சி, பக்கத்தின் உள்ளமைப்பைத் திறந்து காட்டியது.

சைமன் ஸ்டூவர்ட் உருவாக்கிய வெப்டிரைவர், செலீனியத்துடன் இணைந்து 2011இல் செலீனியம் 2 என வெளியானது. இது ஜாவாஸ்கிரிப்டுக்குப் பதிலாக உலாவியை நேரடியாக இயக்கும் முறையைக் கொண்டது. ஆயினும் பயர்பாக்ஸை இயக்க அது பயன்படுத்திய பகுதியும் ஒரு நீட்சியாகவே இருந்தது.

இந்தியாவின் பங்களிப்பு

இந்தியாவிலிருந்தும் குறிப்பிடத்தக்க கருவிகள் வந்துள்ளன. வி. நாராயண் ராமன் 2005இல் தொடங்கிய சாஹி, பெங்களூருவின் டைட்டோ சாஃப்ட்வேர் நிறுவனத்தின் மூலம் வளர்ந்தது. இந்தியில் இச்சொல்லுக்குச் 'சரி' என்று பொருள். பதிலாள் வழங்கி வழியாகப் பக்கத்தில் ஜாவாஸ்கிரிப்டைச் சேர்ப்பது இதன் முறை. 'இந்தப் பெயருக்கு அருகிலுள்ள பொத்தான்' என்பதுபோல, மனிதர் கண்ணால் தேடும் விதத்தில் ஓர் உறுப்பைக் குறிப்பிட இது இடம் கொடுத்தது. இதை ஒத்த வசதி 2021இல் வெளியான செலீனியம் 4இல் இடம்பெற்றது.

தாட்வொர்க்ஸின் இந்தியக் குழுக்கள் உருவாக்கிய கேஜ் என்ற கருவி தொடக்கத்திலிருந்தே செருகுநிரல்களை நம்பி வடிவமைக்கப்பட்டது. எந்த மொழியில் சோதனை எழுதுவது, அறிக்கை எந்த வடிவில் வருவது ஆகிய இரண்டையும் தனித்தனிச் செருகுநிரல்கள் கவனிக்கின்றன. 2011இல் தொடங்கப்பட்ட பிரவுசர்ஸ்டாக், பல்வேறு உலாவிகளையும் கைபேசிகளையும் இணையம் வழியே சோதனைக்குத் தந்தது. செலீனியம் மாநாடு 2014இல் பெங்களூருவில் நடைபெற்றது.

ஒரே ஆண்டில் நின்றுபோனவை

துணைக்கருவி தன் தாய்க்கருவியை நம்பி வாழ்வது. தாய்க்கருவி மாறினால் அதன் நிலை என்ன ஆகும் என்பதை 2016, 2017 ஆகிய ஆண்டுகள் காட்டின.

பயர்பாக்ஸ் நீட்சிகளுக்கு இருந்த அளவற்ற உரிமை, தீங்கு செய்வோருக்கும் வழி திறந்தது. எனவே மொசில்லா படிப்படியாக விதிகளை இறுக்கியது. 2016 ஆகஸ்டில் வந்த பயர்பாக்ஸ் 48, கையொப்பமிடப்படாத நீட்சிகளை ஏற்க மறுத்தது. இதனால் வெப்டிரைவரின் பழைய பயர்பாக்ஸ் நீட்சி பயனற்றுப்போய், கெக்கோடிரைவர் என்ற தனி நிரல் அதன் இடத்துக்கு வந்தது. 2017 ஆகஸ்டில் பயர்பாக்ஸ் 55 வெளியானபோது செலீனியம் ஐடிஇ வேலை செய்வதை நிறுத்தியது. அவ்வாண்டு நவம்பரில் வந்த பயர்பாக்ஸ் 57, பழைய வகை நீட்சிகள் அனைத்தையும் கைவிட்டது.

ஐடிஇ நின்றதற்கு உலாவி மாற்றம் மட்டும் காரணம் இல்லை. எண்ணற்றோர் பயன்படுத்திய அந்த நீட்சியை, தம் ஓய்வு நேரத்தில் பராமரித்தவர்கள் மிகச் சிலரே. புதிய முறைக்கு ஏற்ப அதை முழுவதும் திருத்தி எழுத ஆள் இல்லை. பிற்பாடு அப்ளிடூல்ஸ் நிறுவனத்தின் உதவியுடன் ஐடிஇ புதிதாக எழுதப்பட்டது. இடைக்காலத்தில் கட்டலான் ரெக்கார்டர், தைவானில் உருவான சைடீஎக்ஸ் போன்றவை அதன் இடத்தை நிரப்பின. ஆனால் பழைய ஐடிஇக்காக எழுதப்பட்ட செருகுநிரல்கள் புதியதில் இயங்கவில்லை.

2024 முதல் குரோம் உலாவியும் பழைய வகை நீட்சிகளைப் படிப்படியாக நிறுத்தியது. அப்போதும் நீட்சிகளைப் பராமரிப்போர், புதிய விதிகளுக்கு ஏற்ப மாற்றி எழுதுவதா கைவிடுவதா என்ற அதே கேள்வியைச் சந்தித்தனர்.

உலாவியை இயக்கும் அடிப்படைக் கட்டளைகளுக்கு மட்டும் நிலையான தீர்வு கிடைத்தது. 2018 ஜூனில் வெப்டிரைவர் நெறிமுறையை உலகளாவிய வலைச் சேர்த்தியம் தன் பரிந்துரையாக வெளியிட்டது. உலாவி நிறுவனங்களே அதைப் பின்பற்றுகின்றன.

'கொல்லிமலை' என்ற சொல்லும் சோதனையும்

மேற்கண்ட கருவிகள் எல்லாம் திரையிலுள்ள உரையை ஒப்பிடுவதில் ஒரே முறையைக் கையாள்கின்றன. இரண்டு சரங்களின் குறியெண்கள் வரிசை மாறாமல் ஒன்றாக இருந்தால் சரி, இல்லையென்றால் தவறு. ஆங்கிலத்துக்கு இது பெரும்பாலும் போதும். தமிழுக்குப் போதாது.

ஒருங்குறியில் தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. அவற்றில் ஒகர உயிர்மெய்க்குறியான 'ொ' என்பதை இரண்டு விதமாக எழுதலாம். 3018 என்ற ஒரே குறியெண்ணாக எழுதலாம். அல்லது ஒற்றைக்கொம்பை 3014 எனவும், காலை 3006 எனவும் அடுத்தடுத்து எழுதலாம். இரண்டும் ஒன்றே என்பது ஒருங்குறியின் விதி. திரையிலும் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும்.

கொல்லிமலை என்ற சொல் தமிழரின் கணக்கில் ஐந்து எழுத்துகள் கொண்டது: கொ, ல், லி, ம, லை. முதல் முறையில் எழுதினால் அதில் 9 குறியெண்கள் இருக்கும். இரண்டாம் முறையில் 10 இருக்கும். யுடிஎஃப்-8 குறிமுறையில் சேமித்தால் முறையே 27, 30 பைட்டுகள். சோதனை நிரலில் ஒரு விதமாகவும், வலைப்பக்கத்தில் மற்றொரு விதமாகவும் இச்சொல் இருந்தால் சோதனை தோல்வி அடையும். அறிக்கையில் 'கொல்லிமலை எதிர்பார்க்கப்பட்டது, கொல்லிமலை கிடைத்தது' என்று வரும். காரணம் அறியாத சோதனையாளருக்கு இது பெரும் புதிர்.

கொல்லிமலையின் ஊர்ப்பெயர்களிலும் இந்த வேறுபாட்டைப் பார்க்கலாம். செம்மேடு என்ற பெயருக்கு ஒரே வடிவம்தான். சோளக்காடு என்ற பெயரில் ஓகாரம் இருப்பதால் அதற்கு இரண்டு வடிவங்கள் உண்டு. ஆகவே ஒரே பட்டியலைச் சோதிக்கும்போது சில ஊர்கள் தேறும், சில தோற்கும்.

வலைப்பக்கத்தில் உறுப்புகளைத் தேடப் பயன்படும் எக்ஸ்பாத் மொழியின் இரண்டாம் பதிப்பில், ஒருங்குறி வடிவங்களை ஒருமைப்படுத்தும் செயற்கூறு உள்ளது. ஆனால் உலாவிகள் முதல் பதிப்பை மட்டுமே ஏற்கின்றன. அதில் வெற்றிடங்களைச் சீர்செய்யும் வசதி உண்டு, எழுத்துகளைச் சீர்செய்யும் வசதி இல்லை. எனவே இந்த இடைவெளியைத் துணைக்கருவிதான் நிரப்ப வேண்டியுள்ளது.

துணைக்கருவியை அமைக்கும் முறை

தமிழ் உரைக்கான ஒரு சோதனைத் துணைக்கருவி பொதுவாக நான்கு பணிகளைச் செய்ய வேண்டும்.

முதலாவது, ஒருமைப்படுத்தல். ஒப்பிடும் முன் இரு சரங்களையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவருவது. இதற்கான செயற்கூறு பைத்தானில் 2003 முதலும், ஜாவாவில் 2006இல் வந்த ஆறாம் பதிப்பு முதலும், ஜாவாஸ்கிரிப்டில் 2015ஆம் ஆண்டுத் தரம் முதலும் உள்ளது. புதிதாக எழுத வேண்டியது சில வரிகள் மட்டுமே.

இரண்டாவது, எழுத்தெண்ணிக்கை. ஒரு படிவத்தில் '20 எழுத்துகளுக்கு மிகாமல்' என்று இருந்தால், கருவி எண்ணுவது குறியெண்களை. பயனர் எண்ணுவது எழுத்துகளை. முத்தையா அண்ணாமலை தொடங்கிய ஓப்பன்-தமிழ் என்ற கட்டற்ற பைத்தான் நூலகம், தமிழ்ச் சொல்லை எழுத்துகளாகப் பிரித்துத் தருகிறது. எழில் என்ற தமிழ் நிரல்மொழியை உருவாக்கியவரும் இவரே.

மூன்றாவது, ஒத்த தோற்றங்களைக் கண்டறிதல். 'பௌர்ணமி' என்பதற்குப் பதிலாகப் 'பெளர்ணமி' என்று, அதாவது பகரத்துக்குப்பின் ஒற்றைக்கொம்பையும் ளகரத்தையும் இட்டு எழுதும் பழக்கம் பரவலாக உள்ளது. கண்ணுக்கு இரண்டும் ஏறத்தாழ ஒன்றே. ஆனால் ஒருங்குறி விதிப்படி இவை வேறு சொற்கள் என்பதால், ஒருமைப்படுத்தல் இதைச் சரிசெய்யாது. துணைக்கருவியே மாற்றிவிடலாம் என்று எண்ணினால் 'தெளிவு', 'கெளுத்தி' போன்ற சரியான சொற்கள் சிதைந்துவிடும். எனவே இங்கே எச்சரிக்கை தருவதே தகும். 'ஸ்ரீ' என்பதும் இவ்வகையைச் சேர்ந்தது. 2005இல் ஒருங்குறியில் 'ஶ' சேர்க்கப்பட்ட பிறகு இதை இரு வழிகளில் எழுத முடிகிறது.

நான்காவது, படம் ஒப்பிடல். கொல்லிமலையின் இறுதி எழுத்தான 'லை' 1978ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் துதிக்கை போன்ற வளைவுடன் எழுதப்பட்டது. பழைய வடிவம் கொண்ட எழுத்துருவில் இன்றும் அப்படியே தோன்றும். குறியெண் மாறாததால் உரைச் சோதனை இதைக் கவனிக்காது. திரைப்படத்தைப் புள்ளி புள்ளியாக ஒப்பிடும் சோதனை இதைத் தவறு என்று காட்டும். இரண்டில் எது வேண்டும் என்பதைச் சோதனையாளர் தீர்மானிக்க வேண்டும்.

இவற்றைத் தவிர, கருவியின் வரம்புகளையும் அறிந்திருக்க வேண்டும். முந்திரி, காணி, மா போன்ற பழந்தமிழ்ப் பின்னக் குறிகள் உள்ளிட்ட 51 குறிகள் 2019இல் ஒருங்குறியில் சேர்க்கப்பட்டன. இவை அடிப்படைத் தளத்துக்கு வெளியே அமைந்துள்ளன. குரோம்டிரைவர் நீண்ட காலம் அடிப்படைத் தளத்திலுள்ள குறிகளை மட்டுமே தட்டச்சு செய்ய ஏற்றது. ஆகவே வழக்கமான தமிழைத் தட்டச்சு செய்யும் சோதனை, இக்குறிகள் வந்ததும் நின்றுவிடும்.

வழுவை மறைக்கும் துணைக்கருவி

ஒருமைப்படுத்தும் துணைக்கருவியை எழுதுவது எளிது. அதை எங்கே பயன்படுத்துவது என்பது கடினமான கேள்வி.

ஒரு சுற்றுலாத் தளத்தில் தேடல் பெட்டி இருக்கிறது என்று கொள்வோம். தரவுத்தளத்தில் கொல்லிமலை ஒற்றைக் குறியெண் கொண்ட 'ொ' உடன் பதிவாகியுள்ளது. ஒரு பயனரின் விசைப்பலகை கொம்பையும் காலையும் தனித்தனியே அனுப்புகிறது. தளம் இரண்டையும் ஒன்றாகக் கருதாவிட்டால், 'முடிவுகள் இல்லை' என்ற பதில் வரும். எழுத்து சரியாக இருந்தும் ஏன் கிடைக்கவில்லை என்பது அவருக்கு ஒருபோதும் தெரியாது.

இந்தத் தளத்தைச் சோதிக்கும் நிரலில், தட்டச்சு செய்யும் சொல்லையும் துணைக்கருவி முன்கூட்டியே ஒருமைப்படுத்திவிட்டால் சோதனை வெற்றி பெறும். அறிக்கை பச்சை நிறத்தில் வரும். தளத்தின் வழு அப்படியே இருக்கும். சோதனையாளருக்கு உதவ வந்த கருவி, பயனருக்கு நேரும் தடையை மறைத்துவிடும்.

எனவே அனுபவமுள்ளோர் இரண்டு இடங்களைப் பிரித்துப் பார்ப்பர். பக்கத்தில் தெரியும் தலைப்பைச் சரிபார்க்கும்போது ஒருமைப்படுத்தல் பொருந்தும். பயனர் உள்ளிடும் சொல்லைச் சோதிக்கும்போது அது பொருந்தாது. அங்கே ஒரே சொல்லை இரு வடிவங்களிலும் அனுப்பி, இரண்டுக்கும் ஒரே முடிவு வருகிறதா என்று பார்க்க வேண்டும். இதற்கு ஏற்ற துணைக்கருவி, வேறுபாட்டை நீக்குவதைவிட வேறுபட்ட வடிவங்களை உருவாக்கித் தர வேண்டும்.

மாணவர்களுக்கு

துணைக்கருவி எழுதத் தொடங்கும் மாணவருக்கு இவ்வரலாறு சில நடைமுறைப் பாடங்களைத் தருகிறது. கருவியின் உட்பகுதியைத் தொடும் நீட்சியைவிட, தரப்படுத்தப்பட்ட நெறிமுறையின் மேல் அமையும் சிறு நூலகம் நீண்ட நாள் நிலைக்கும். தமிழ் எழுத்தைக் கையாளும் பகுதியை உலாவியோடு பேசும் பகுதியிலிருந்து பிரித்து எழுதினால், உலாவி மாறும்போது ஒரு பகுதியை மட்டும் திருத்தினால் போதும். துணைக்கருவிக்கும் சோதனை வேண்டும். கொல்லிமலை, சோளக்காடு, பௌர்ணமி, தெளிவு என்ற நான்கு சொற்களையும் அவற்றின் வேறு வடிவங்களுடன் முதல் சோதனைத் தரவாக வைத்துக்கொள்ளலாம்.

நிரலைக் கட்டற்ற உரிமத்தில் வெளியிடுவதும், பராமரிப்பில் இன்னொருவரைச் சேர்த்துக்கொள்வதும் பயன் தரும். 2017இல் ஐடிஇ நின்றபோது அதன் மூல நிரல் எல்லோருக்கும் திறந்தே இருந்தது. அதைத் திருத்தி எழுதப் போதிய ஆட்கள்தான் இல்லை.